இருவராக நெடும்பயணம்: ஓராண்டு வெளிநாட்டில் சுற்றப் போகும் தம்பதிகளுக்கு ஒரு வழிகாட்டி

ஆறு மாதமோ ஓராண்டோ வெளிநாடுகளில் சுற்றக் கிளம்பும் தம்பதிகள் பலரிடம் ஒரே ஏற்பாட்டைப் பார்க்கலாம். டிக்கெட் எடுப்பது ஒருவர். தங்குமிடம் தேடுவதும் அவரே. பணம் அவர் கணக்கில், காகிதங்கள் அவர் பையில், வரைபடம் அவர் கைபேசியில். மற்றவர் கூடப் போகிறார். இரண்டு வார விடுமுறைக்கு இது போதும். மாதக்கணக்கில் போகும்போது, பொறுப்பெல்லாம் சுமக்கும் அந்த ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இருவரும் முடங்கிப் போவார்கள்.

ஆகவே கீழே வரும் ஒவ்வொரு வேலையையும் முடித்ததும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: நம்மில் யாராக இருந்தாலும், மற்றவர் உதவி இல்லாமல், தெரியாத ஊரில் மூன்று நாள் சமாளிக்க முடியுமா? முடியாது என்றால் அந்த வேலை இன்னும் முடியவில்லை.

ஆறு மாதம் முன்பு: பேச வேண்டியதைப் பேசிவிடுங்கள்

ஆளுக்கொரு தாள் எடுத்துத் தனித்தனியாக எழுதுங்கள். எதற்காகப் போகிறோம், எத்தனை மாதம், ஒரு ஊரில் எத்தனை நாள், எது இல்லாமல் என்னால் இருக்க முடியாது, என்ன நடந்தால் நான் திரும்பிவிட விரும்புவேன். உட்கார்ந்து பேசியே முடிவு செய்தால், அழுத்திப் பேசுபவரின் விருப்பம்தான் இருவரின் விருப்பமாக எழுதப்படும். அதனால்தான் தாள். எழுதி முடித்த பிறகு மாற்றிப் படியுங்கள். ஒருவர் 12 மாதம் என்றும் மற்றவர் 4 மாதம் என்றும் எழுதியிருந்தால், 4 மாதத்துக்குத் திட்டமிட்டு, மூன்றாவது மாத முடிவில் நீட்டிப்பதா என்று பேசலாம். நீட்டிப்பது எளிது. பாதியில் நிறுத்துவதுதான் மனக்கசப்பில் முடியும்.

நிறுத்தும் விதியையும் இப்போதே எழுதுங்கள். நல்ல விதி இப்படி இருக்கும்: யார் வேண்டுமானாலும் ‘போதும்’ என்று சொல்லலாம், காரணம் நிரூபிக்க வேண்டியதில்லை. சொன்னதும் இரண்டு வாரம் ஒரே ஊரில் அசையாமல் இருப்பது. அதன் பிறகும் அதே எண்ணம் இருந்தால் திரும்புவது. உடம்பு சரியில்லாத நாளிலும் பயண நாளிலும் இந்த முடிவை எடுப்பதில்லை.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதியவர்கள் 12 மாதத்தில் 20 நாடு என்று பட்டியல் போடுகிறார்கள். ஒவ்வொரு இடமாற்றமும் இரண்டு முழு நாளைத் தின்றுவிடும்: மூட்டை கட்டிப் பயணம் செய்ய ஒன்று, புது ஊரில் கடை, பேருந்து, துணி துவைக்கும் இடம் எல்லாம் கண்டுபிடிக்க ஒன்று. வாரம் இரண்டு முறை மாறினால் மிஞ்சுவது மூன்றே நாள். தம்பதிகளின் சண்டைகளில் பெரும்பங்கு இந்த மாற்ற நாட்களில்தான் நடக்கிறது. சராசரியாக ஒரு இடத்துக்கு மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு வாரம் எந்தத் திட்டமும் இல்லாமல் விடுங்கள்.

நாள் கணக்கு: பிழை இங்கேதான் அதிகம்

ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதியில் (தங்களுக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட நாடுகளின் கூட்டு) இப்போது 29 நாடுகள் இருக்கின்றன. குறுகிய காலம் தங்க வருபவருக்கு எல்லா நாடுகளுக்கும் சேர்த்து ஒரே கணக்கு: எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. உள்ளே நுழைந்த நாளும் வெளியேறிய நாளும் கணக்கில் சேரும். ‘ஒரு தடவை வெளியே போய் வந்தால் புதிதாக 90 நாள் கிடைக்கும்’ என்பது தவறான நம்பிக்கை. 180 நாள் என்பது நகர்ந்துகொண்டே இருக்கும் சாளரம். இன்றைய தேதியிலிருந்து பின்னோக்கி 180 நாளை எண்ணி, அதற்குள் எத்தனை நாள் உள்ளே இருந்தோம் என்று பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. லீப் ஆண்டு அல்லாத ஓராண்டில் ஜனவரி 1 நுழைந்து மார்ச் 31 வெளியேறினால் 90 நாளும் தீர்ந்துவிடும். ஜூன் 29 அன்று நுழைய முயன்றால் சாளரம் ஜனவரி 1-இல் தொடங்குகிறது. பழைய 90-உடன் அந்த நாளும் சேர்ந்து 91 ஆகிவிடும். ஜூன் 30 அன்று சாளரம் ஜனவரி 2-இல் தொடங்குவதால் மொத்தம் 90. ஆக, திரும்ப நுழையக்கூடிய முதல் நாள் ஜூன் 30. 2025 அக்டோபர் 12 முதல் எல்லைகளில் முகப்படமும் கைரேகையும் பதிவு செய்யும் மின்னணு முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். முத்திரை மங்கியிருந்தால் அதிகாரி எண்ணாமல் விட்டுவிடுவார் என்று நம்பிப் போகாதீர்கள்.

இதே மாதிரிக் கூட்டுக் கணக்கு வேறு இடங்களிலும் உண்டு. மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா, ஹோண்டுராஸ், நிகரகுவா மூன்றுக்கும் சேர்த்து 90 நாள். அமெரிக்காவுக்கு விசா விலக்குத் திட்டத்தில் போகிறவர்கள் பக்கத்திலிருக்கும் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய்வந்தாலும் பழைய 90 நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

தம்பதிகள் கவனிக்க வேண்டியது: நாள் கணக்கு ஆளுக்கு ஆள் தனி. ஒருவர் இடையில் வீட்டுக்குப் போய்வந்தால் அன்றிலிருந்து இருவருக்கும் இரண்டு அட்டவணை. இருவர் கடவுச்சீட்டும் வெவ்வேறு நாட்டுடையது என்றால், எந்த நாட்டில் யாருக்குக் குறைந்த நாள் கிடைக்கிறதோ அதுதான் இருவருக்கும் திட்டம். திரும்பும் அல்லது அடுத்த நாட்டுக்குப் போகும் டிக்கெட்டைப் பெரும்பாலும் விமான நிறுவன கவுன்டரிலேயே கேட்பார்கள். அது இருவர் கைபேசியிலும் இருக்க வேண்டும். குடிநுழைவில் வரிசை பிரித்து அனுப்பினால், காகிதம் இல்லாதவர்தான் மாட்டிக்கொள்வார்.

கணினி வழியாக வேலை செய்துகொண்டே பயணிக்க நினைப்பவர்கள், சுற்றுலா விசாவில் அது அனுமதிக்கப்படுகிறதா என்று ஒவ்வொரு நாட்டுக்கும் தனியாகப் பாருங்கள். 2020-இல் எஸ்தோனியா இதற்கென்றே தனி விசா கொண்டுவந்தது. பிறகு குரோஷியா, போர்ச்சுகல், ஸ்பெயின் எனப் பல நாடுகள் தொடர்ந்தன. துணையைச் சேர்த்து விண்ணப்பித்தால் காட்ட வேண்டிய வருமானம் கூடும். ஸ்பெயினில் விண்ணப்பதாரருக்கு அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தின் 200 சதவீதம், முதல் குடும்ப உறுப்பினருக்கு மேலும் 75 சதவீதம். பல நாடுகளில் ஓராண்டில் 183 நாள் தங்கினால் வரி செலுத்தும் குடியிருப்பாளர் ஆகிவிடுவீர்கள் என்பதையும் நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

காகிதங்கள்

இரண்டு கடவுச்சீட்டில் எது முதலில் காலாவதி ஆகிறதோ அதுவே பயணத்தின் எல்லை. நுழையும்போது ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கும். ஷெங்கன் பகுதியில், வெளியேறும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும். கடவுச்சீட்டு வழங்கப்பட்டு 10 ஆண்டு தாண்டியிருக்கவும் கூடாது. வெளிநாட்டில் இருந்துகொண்டு புதுப்பிப்பது வாரக்கணக்கில் ஒரே ஊரில் கட்டிப்போட்டுவிடும். சந்தேகமாக இருந்தால் கிளம்பும் முன்பே புதிது வாங்கிவிடுங்கள், கூடுதல் பக்கம் உள்ளதாகப் பார்த்து.

திருமணச் சான்றிதழின் அசல் ஒன்று கூட வரட்டும். நீண்டகால விசா கேட்கும் எண்ணம் இருந்தால், 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின்படி அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அரசுச் சான்று) போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கும்போது சில நாளில் முடியும் இந்த வேலையை வெளிநாட்டிலிருந்து செய்ய வேறொருவரை அலையவிட வேண்டியிருக்கும். திருமணத்துக்குப் பிறகு பெயர் மாறியிருந்தால், டிக்கெட்டில் இருக்க வேண்டியது கடவுச்சீட்டில் உள்ள பெயர்தான்.

திருமணமாகாத இணையரும் ஒருபாலின இணையரும் போகும் நாட்டின் சட்டத்தை முன்பே படிக்க வேண்டும். 2026 ஜனவரி 2 அன்று நடைமுறைக்கு வந்த இந்தோனேசியாவின் புதிய குற்றவியல் சட்டம், திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வதைக் குற்றமாக்குகிறது. வாழ்க்கைத்துணையோ பெற்றோரோ பிள்ளைகளோ புகார் கொடுத்தால்தான் வழக்கு. விடுதியில் அறை கேட்கும்போதே திருமணச் சான்றிதழ் கேட்கும் நாடுகளும் இருக்கின்றன.

பலர் விட்டுவிடும் காகிதம் ஒன்று உண்டு. ஒருவர் மயக்கத்தில் இருந்தால் சிகிச்சை முடிவுகளை மற்றவர் எடுக்கலாம் என்ற அதிகாரப் பத்திரம். திருமணமாகாதவர்களுக்கு இது கட்டாயம் என்றே சொல்லலாம். கணவன் மனைவிக்கும் தூதரகத்திலோ மருத்துவமனையிலோ பேச்சைச் சுருக்க உதவும்.

நகல்களைக் குறுக்காக வையுங்கள்: உங்கள் கடவுச்சீட்டு, விசா, காப்பீடு, மருந்துச்சீட்டு ஆகியவற்றின் காகித நகல் துணையின் பையில், அவருடையவை உங்கள் பையில். படங்கள் இருவர் கைபேசியிலும், இணையச் சேமிப்பிலும்.

வண்டி ஓட்டும் எண்ணம் இருந்தால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எந்த உடன்படிக்கையின்படி வழங்கப்பட்டது என்று பாருங்கள். 1949-ஆம் ஆண்டு ஜெனீவா வகை ஓராண்டுக்கு, 1968-ஆம் ஆண்டு வியன்னா வகை அதிகபட்சம் மூன்றாண்டுக்கு. ஜப்பான் 1949 வகையை மட்டும் ஏற்கிறது. வியட்நாம் 1968 வகையை ஏற்கிறது. தவறான வகையோடு ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தால், உரிமம் இல்லாமல் ஓட்டியதாகச் சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். பின்னால் உட்கார்ந்திருந்தவரின் மருத்துவச் செலவும் சேர்ந்தே சிக்கலாகலாம்.

பணம்

மூன்று உண்டியல் முறை நன்றாக வேலை செய்கிறது. ஒன்று மாதச் செலவுக்கான பொதுக் கணக்கு. இரண்டாவது, விமானம், விசா, காப்பீடு போன்ற திரளான செலவுக்குத் தனி. மூன்றாவது திரும்பும் நிதி: கடைசி நேரத்தில் வாங்கும் இரண்டு டிக்கெட்டுக்கும், ஊர் திரும்பி வருமானம் நிலைபெறும் வரை மூன்று மாத வாழ்க்கைக்கும் போதுமான தொகை. மூன்றாவதைத் தொடவே கூடாது. தொட வேண்டிய நிலை வந்தால் அன்றே பயணம் முடிந்தது என்று பொருள்.

இவை தவிர, ஆளுக்கு மாதம் ஒரு சிறு தொகை கணக்குச் சொல்லாமல் செலவழிக்க. தொகை சமமாக இருக்க வேண்டும், யார் சம்பாதித்தது என்ற பேச்சு அதில் வரக் கூடாது. ஒவ்வொரு காபிக்கும் துணையின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தால் நான்காவது மாதத்தில் அது வெடிக்கும்.

கார்டுகளில் பலர் செய்யும் பிழை: ஒரே கணக்குக்கு இரண்டு கார்டு வாங்கி ஆளுக்கொன்று வைத்துக்கொள்வது. சந்தேகப் பரிவர்த்தனை என்று வங்கி அந்தக் கணக்கை நிறுத்தினால் இரண்டு கார்டும் ஒரே நொடியில் செத்துவிடும். ஒருவரிடம் ஒரு வங்கி, மற்றவரிடம் வேறு வங்கி. ஒன்று விசா நிறுவனத்தின் கார்டு என்றால் இன்னொன்று மாஸ்டர்கார்டு. மூன்றாவதாக ஒரு கார்டும் கொஞ்சம் ரொக்கமும் பையின் அடியில் தைத்த மாதிரி கிடக்கட்டும். அது பணப்பைக்குள் வரவே கூடாது.

ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போதும் கார்டு தேய்க்கும்போதும் ‘உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கவா?’ என்று திரை கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். மற்றதில் மாற்று விகிதத்தை அந்த இயந்திரக்காரர் தீர்மானிப்பார். அது பெரும்பாலும் நமக்கு நட்டம். வங்கிக் கிளையை ஒட்டிய ஏடிஎம்மை, கிளை திறந்திருக்கும் நேரத்தில் பயன்படுத்துங்கள். கார்டை விழுங்கிவிட்டால் உள்ளே போய்க் கேட்கலாம்.

கைபேசி

ஓடிபி வரும் எண் செயலிழந்தால் வங்கி, மின்னஞ்சல், டிக்கெட் எல்லாம் கதவடைத்துவிடும். ஊர் எண்ணை உயிரோடு வைத்திருக்கும் மிகக் குறைந்த திட்டத்துக்கு மாறி, ரோமிங்கில் குறுஞ்செய்தி வருகிறதா என்று கிளம்பும் முன்பே உறுதி செய்யுங்கள். இணையத்துக்கு இ-சிம்மோ உள்ளூர் சிம்மோ போதும். சரிபார்ப்புச் செயலியை (உள்நுழைய ஒருமுறைக் குறியீடு தரும் செயலி) இருவர் கைபேசியிலும் ஏற்றி, மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி ஒருவருடையதை மற்றவர் பையில் வையுங்கள். பிறகு ஒரு மாலை முழுக்கச் சோதனை: ஒருவருடைய கைபேசியை அணைத்து வைத்துவிட்டு, அவர் தன் மின்னஞ்சலையும் வங்கியையும் துணையின் கைபேசியிலிருந்து திறந்து காட்ட வேண்டும். முதல் தடவையில் இதில் தேறுபவர்கள் குறைவு. வீட்டில் தோற்பது நல்லது.

காப்பீடும் உடம்பும்

‘ஆண்டு முழுவதும் பலமுறை பயணம்’ என்று விற்கப்படும் பாலிசியில் ஒரு பயணம் இத்தனை நாளுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு இருக்கும். தொடர்ந்து ஓராண்டு வெளியே இருப்பவருக்கு அது உதவாது. நீண்டகாலத் தொடர்பயணப் பாலிசி என்று கேட்டு வாங்குங்கள். வாங்கும் முன் இவற்றுக்கு எழுத்தில் பதில் பெறுங்கள்:

ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தால் மற்றவர் கூட இருந்து தங்கும் செலவைத் தருவீர்களா? ஒருவரை விமானத்தில் சொந்த நாட்டுக்குக் கொண்டுபோனால் மற்றவரின் டிக்கெட் யார் பொறுப்பு? முதல் பெயரில் இருப்பவர் ஊர் திரும்பிவிட்டால் இரண்டாமவரின் காப்பீடு தொடருமா? இடையில் சில நாள் ஊருக்குப் போய்வந்தால் பாலிசி முடிந்துவிடுமா? கிளம்பிய பிறகு வெளிநாட்டில் இருந்துகொண்டே நீட்டிக்க முடியுமா?

ஷெங்கன் விசாவுக்கு ஆளுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். அது விசாவுக்கான குறைந்தபட்சம். நெடும்பயணத்துக்கு அதையே அளவுகோலாக வைக்காதீர்கள்; மருத்துவ விமானம் ஒன்று பறந்தாலே தொகை கரைந்துவிடும்.

தடுப்பூசிக்கு 6 முதல் 8 வாரம் முன்பே பயண மருத்துவரைப் பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் செல்லும். 2016 ஜூலை 11 முதல் அது வாழ்நாள் முழுவதற்குமானது. வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போடும் ஊசி 0-ஆம் நாள், 7-ஆம் நாள் என இரண்டு தவணை. கடித்த பிறகு போட வேண்டிய இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்புரத ஊசி) சின்ன ஊர்களில் கிடைப்பது அரிது. முன்பே போட்டிருந்தால் கடித்த பிறகு அது தேவைப்படாது, கூடுதல் ஊசி மட்டும் போதும். எப்படியானாலும் கடித்த இடத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

குழந்தை பெறும் எண்ணம் இருக்கும் தம்பதிகள் அதை முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். சில மலேரியா மாத்திரைகளும் உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளும் கர்ப்ப காலத்துக்கு ஆகாது. கருவைப் பாதிக்கக்கூடிய, கொசுவால் பரவும் ஜிகா வைரஸ் உள்ள இடத்துக்குப் போய்வந்தால், கருத்தரிக்க முயலும் முன் பெண் 2 மாதமும் ஆண் 3 மாதமும் காத்திருக்க வேண்டும் என்பது பரிந்துரை. கருத்தடை மாத்திரை எடுத்த 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த மாத்திரையை எடுக்காததாகக் கருதுங்கள். நேர மண்டலம் மாறும்போது உள்ளூர் மணியைப் பார்க்காமல், கடைசி மாத்திரையிலிருந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று எண்ணுங்கள்.

மருந்துகளை அசல் உறையோடு, மூலப்பொருள் பெயர் எழுதிய மருத்துவர் சீட்டோடு, இரண்டு கைப்பைகளில் பாதிப் பாதியாக வையுங்கள். சளிக்குச் சாதாரணமாக வாங்கும் மாத்திரைகூட எல்லையில் சிக்கலாகலாம்: மூக்கடைப்பு நீக்கும் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது, மருத்துவர் எழுதிய மருந்தாக இருந்தாலும் ஒரு மாத அளவுக்கு மேல் என்றால் முன் அனுமதி வேண்டும். வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் சர்க்கரை சமமட்டமாக 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. உப்பைக் கண் அளவில் போடாதீர்கள், கூடினால் தீங்கு.

மலைக்குப் போகிறவர்கள் 3,000 மீட்டருக்கு மேல், இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஒரு நாள் ஓய்வு. வேகத்தைத் தீர்மானிப்பது இருவரில் அதிகம் திணறுபவர். தலைவலி, வாந்தியோடு தள்ளாடும் நடையும் வந்தால் கீழே இறங்க வேண்டும், அவரைத் தனியாக இறக்கிவிடக் கூடாது.

பைகள்

ஆளுக்கு 40 லிட்டர் முதுகுப்பை ஒன்று. பல விமான நிறுவனங்களின் கைப்பை வரம்பு 7 கிலோ. அதற்குள் அடங்கினால் பெரும் தொல்லை விட்டது. முடியாதவர்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பையை மட்டும் சரக்கில் போடலாம். எத்தனை பை போட்டாலும் உடைகளைக் கலந்து அடுக்குங்கள்: அவருடைய துணியில் மூன்றில் ஒரு பங்கு இவர் பையில், இவருடையது அவர் பையில். ஒன்று தொலைந்தாலும் யாரும் மாற்றுத்துணி இல்லாமல் நிற்க வேண்டாம். துணி ஆளுக்கு ஒரு வாரத்துக்குப் போதும். சார்ஜர், பல முனை பிளக், முதலுதவி, நகவெட்டி எல்லாம் இருவருக்கும் ஒன்றே. கைபேசி ஒயர் மட்டும் ஆளுக்கொன்று.

பவர்பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி. எண்ணிக்கை வரம்பை நிறுவனத்திடம் கேளுங்கள். கணக்கு எளிது: 20,000 மில்லிஆம்ப்-மணியை 3.7 வோல்ட்டால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் 74.

சரக்கில் போட்ட பை வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார் பதிந்து எண் வாங்குங்கள். மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும், தாமதத்துக்கு பை கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். இழப்பீட்டு வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஆளுக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). வரம்பு ஆளுக்கு என்பதால், இரண்டு பையையும் ஒருவர் பெயரிலேயே பதியாமல் ஆளுக்கொன்றாகப் பதியச் சொல்லுங்கள்.

எல்லாம் அடுக்கியபின், ஊருக்குப் பக்கத்தில் எங்காவது பத்து நாள் அதே பைகளோடு தங்கிப் பாருங்கள். தொடாமலே திரும்பிவந்த பொருள் எல்லாம் வீட்டில் நிற்கட்டும், முதலுதவி தவிர.

போய் இறங்கும் நாள்

இந்த ஒரு நாளை மட்டும் நிமிடக்கணக்கில் திட்டமிடுவது தகும்.

1. பகலில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். நள்ளிரவு மலிவு டிக்கெட்டில் மிஞ்சும் பணம் டாக்சியிலும் கூடுதல் இரவு வாடகையிலும் போய்விடும்.
2. விமானம் ஏறும் முன்பே தங்குமிடத்தின் முகவரியை உள்ளூர் எழுத்தில் இருவரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை இணையம் இல்லாமல் திறக்கும்படி இறக்கி வையுங்கள்.
3. வெளியே வந்ததும் ஒருவர் பைகளோடு உட்கார வேண்டும். மற்றவர் பணம் எடுத்து, சிம் வாங்கி, வண்டி விசாரித்து வர வேண்டும். இருவரும் மூட்டையோடு வரிசை வரிசையாக அலைவதுதான் திருடனுக்கு வசதி.
4. தங்குமிடம் சேர்ந்ததும் குளியல், சாப்பாடு. வயிறு நிறையும் வரை எதையும் முடிவு செய்யாதீர்கள், அறை பிடிக்கவில்லை என்ற பேச்சு உட்பட.
5. முதலில் மூன்று இரவுக்கு மட்டும் அறை எடுங்கள். மாத வாடகையைத் தெருவை நேரில் நடந்து பார்த்த பிறகு பேசலாம்.

மாத வாடகை வீடு

படத்தில் தெரியாதவற்றைத்தான் கேட்க வேண்டும். கதவு மூடும் இரண்டாவது இடம் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. தனி அறையாக இல்லாவிட்டாலும் கதவுள்ள சமையலறையோ பால்கனியோ போதும். இருவரும் காணொளி அழைப்பில் வேலை செய்பவர்கள் என்றால் இணையத்தின் பதிவேற்ற வேகம் ஆளுக்கு நொடிக்கு 5 மெகாபிட்டாவது வேண்டும். இரவு 8 மணிக்கு மேல் எடுத்த வேகச் சோதனைப் படத்தை வீட்டுக்காரரிடம் கேளுங்கள். விமர்சனங்களில், நீங்கள் போகும் அதே பருவத்தில் எழுதப்பட்ட மோசமானவற்றை முதலில் படியுங்கள்.

சாவி வாங்கிய முதல் ஒரு மணி நேரத்தில்: வெந்நீர்க் குழாயைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். கெட்டிலையும் ஹீட்டரையும் ஒன்றாகப் போட்டு மின்சாரம் விழுகிறதா பாருங்கள். மெத்தையின் ஓரத் தையலில் கரும்புள்ளிகள் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் மூட்டைப்பூச்சி, பையைத் தரையில் வைக்காமல் குளியலறைக்குக் கொண்டுபோங்கள். சுவர்க்கீறல், மின் மீட்டர் எண் உட்பட வீடு முழுவதையும் காணொளி எடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். முன்பணம் திரும்பி வருவது பெரும்பாலும் இந்தக் காணொளியால்தான்.

சில நாடுகளில் தங்கும் முகவரியைக் குடிநுழைவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். நீண்டகால அனுமதியில் தாய்லாந்தில் தொடர்ந்து இருப்பவர்கள் 90 நாளுக்கு ஒருமுறை முகவரி தெரிவிக்க வேண்டும், இருவரும் தனித்தனியாக.

நாள் முழுக்க ஒன்றாக

ஊரில் தம்பதிகள் ஒரு நாளில் சேர்ந்து இருப்பது சில மணி நேரம். பயணத்தில் அது 24 மணி நேரம், அதுவும் ஒரே அறையில். அன்பு குறைந்து சண்டை வருவதில்லை. இடைவெளி குறைவதால்தான் சண்டை வருகிறது. வாரத்தில் ஒரு நாள் முழுவதும் தனித்தனியாகக் கழியுங்கள், சண்டை வந்த பிறகு இல்லாமல் முதல் வாரத்திலிருந்தே. சண்டைக்குப் பிறகு பிரிந்து நடந்தால் அது தண்டனையாகத் தோன்றும். வழக்கமாக இருந்தால் யாருக்கும் வருத்தமில்லை. மாலையில் சொல்ல ஆளுக்கொரு செய்தியும் இருக்கும்.

பொறுப்புகளை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். இந்த மாதம் ஒருவர் வழி, மற்றவர் பணம். அடுத்த மாதம் தலைகீழ். வழி பார்ப்பவர் தவறான தெருவில் திரும்பினால் மற்றவர் தன் கைபேசியை எடுத்துச் சரிபார்க்கக் கூடாது. பத்து நிமிடம் வீணாகலாம். ஆனால் பின்னாலிருந்து திருத்திக்கொண்டே வருபவரோடு நடப்பவர், விரைவில் எதையும் செய்யாமல் விட்டுவிடுவார். அப்போது பொறுப்பெல்லாம் மறுபடி ஒருவர் தலையில் விழும்.

மொழியிலும் இதே சிக்கல். ஒருவருக்கு மட்டும் உள்ளூர்மொழி தெரிந்தால் நாள் முழுக்க அவரே பேச வேண்டும், மாலையில் துணையோடு பேசத் தெம்பு இருக்காது. மற்றவர் எண்கள், விலை கேட்பது, திசை, ஒவ்வாமை, ‘மருத்துவர் வேண்டும்’ என ஐம்பது சொல்லாவது கற்றுக்கொள்ளட்டும்.

வாரம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள்: செலவு எங்கே நிற்கிறது, யார் களைத்திருக்கிறார், அடுத்த ஊர் வேண்டுமா, இந்த வாரம் எது உறுத்தியது. சாப்பிட்ட பிறகு, நடந்துகொண்டே பேசினால் இன்னும் நல்லது.

பிரிந்துவிட்டால், படுத்துவிட்டால்

ரயில் கதவு மூடிக்கொண்டு ஒருவர் உள்ளே, ஒருவர் மேடையில். விதி இதுதான்: உள்ளே இருப்பவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும். மேடையில் இருப்பவர் அதே தடத்தின் அடுத்த வண்டியில், அதே பெட்டி வரிசையில் ஏறி வர வேண்டும். விதி இல்லாவிட்டால் அவர் திரும்பி வர, இவர் தேடிப் போக, இருவரும் எதிரெதிரே கடந்துவிடுவார்கள். இந்த நேரத்துக்காகவே ஆளுக்கு டிக்கெட்டும் கொஞ்சம் சில்லறையும் தங்குமிடத்தின் அட்டையும் சட்டைப்பையில் இருக்க வேண்டும். நீண்டதூர ரயிலென்றால் அடுத்த நிறுத்தம் 200 கிலோமீட்டரில் இருக்கலாம். அங்கே ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

கூட்டமான இடத்துக்குப் போனால் நுழைந்தவுடன் சந்திக்கும் இடத்தைக் கை காட்டி முடிவு செய்யுங்கள். கைபேசி இரண்டும் அணைந்துபோனால் இருவரும் அழைக்க வேண்டிய மூன்றாம் நபர் ஒருவரின் எண் மனப்பாடமாக இருக்கட்டும்.

ஒருவர் நோயில் படுத்தால், சேர்க்கும் முன்போ சேர்த்த உடனேயோ காப்பீட்டு நிறுவனத்தின் 24 மணி நேர எண்ணை அழைப்பது மற்றவரின் முதல் வேலை. மருத்துவமனைக்குப் பணப்பொறுப்புக் கடிதம் அங்கிருந்துதான் வர வேண்டும். பேசியவரின் பெயர், நேரம், கோரிக்கை எண் மூன்றையும் எழுதுங்கள். நோயாளியின் இரத்த வகை, ஒவ்வாமை, வழக்கமான மருந்து ஆகியவை துணையின் கைபேசியில் ஏற்கெனவே இருக்க வேண்டும்.

ஊரில் பெற்றோருக்கு ஏதாவது ஆனால் யார் போவது என்பதையும் கிளம்பும் முன்பே பேசுங்கள். இருவருமா, ஒருவரா, எந்த நிலையில் எது. அழைப்பு வரும் இரவில் அது பேசக்கூடிய பேச்சல்ல.

திரும்பும் மாதம்

கடைசி மாதத்தில் புது ஊர் வேண்டாம். ஒரே இடத்தில் இருந்து முன்பணத்தைத் திரும்பப் பெறுவதையும், மீட்டர் எண்ணோடு வெளியேறும் காணொளி எடுப்பதையும், எந்த நாட்டில் எத்தனை நாள் இருந்தோம் என்ற அட்டவணையைப் போர்டிங் பாஸ்களோடு ஒப்பிட்டுச் சரிசெய்வதையும் முடியுங்கள். வரிக் கணக்கு எழுதும்போது அந்த அட்டவணைதான் கேட்கப்படும். ஊரில் மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியிலிருந்து மறுபடி செல்லும் என்று பார்த்து, பயணக் காப்பீட்டை அதுவரை இழுத்துப் பிடியுங்கள்.

மலேரியா பகுதியிலிருந்து வருபவர்கள் வீடு வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. டாக்ஸிசைக்ளின் என்றால் அங்கிருந்து கிளம்பிய பிறகு 4 வாரம், அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் 7 நாள். முழுவதும் எடுத்திருந்தாலும், அடுத்த ஓராண்டுக்குள் இருவரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், போய்வந்த நாடுகளின் பட்டியலை மருத்துவரிடம் அவர் கேட்கும் முன்பே கொடுத்து, அன்றே மலேரியாவுக்கு இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.